ஆண்டு விழா இசை நாடகத்துக்கு 16 அடிக் கப்பல்: எப்படிக் கட்டுவது?

கடலோரத் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்து வருகிறேன். பிப்ரவரியில் நடக்கவிருக்கும் ஆண்டு விழாவில் வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கையை நாற்பது நிமிட இசை நாடகமாக மேடையேற்றவிருக்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டியும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணின் பிள்ளைகள் என்ற உரிமையோடு, வசனத்தைக் குறைத்துக் கதையைப் பாட்டாலேயே கொண்டு செல்லலாம் என்று முடிவு செய்தோம். பாடல்களை இசை ஆசிரியரும் நானும் சேர்ந்து எழுதி முடித்துவிட்டோம், மாணவர்களும் நன்றாகப் பாடுகிறார்கள். கப்பல் மட்டுமே பாக்கி.

16 அடி நீளமும் 9 அடி உயரமும் உள்ள கப்பல் ஒன்று இடப்புறத்திலிருந்து மேடைக்குள் வரவேண்டும், அதன்மேல் ஐந்து மாணவர்கள் நின்று பாடவேண்டும் என்பது எங்கள் எண்ணம். மரச்சட்டம் அடித்து, மேலே தெர்மகோல் பலகைகளைச் செதுக்கி ஒட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறோம். மேடையின் அகலம் 28 அடி, ஆழம் 18 அடி. மேலே தகரக் கூரையும் பின்னால் சுவரும் உண்டு, முன்பக்கம் திறந்தவெளி. இடப்பக்கச் சுவரில் ஒரே ஒரு கதவு. அது மேடைக்கு ஒட்டிய ஒப்பனை அறைக்குச் செல்கிறது. கையில் 18,000 ரூபாயும் ஆறு வாரங்களும் இருக்கின்றன.

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது, மாணவர்களோடு சேர்ந்து வகுப்பறைக்குள் ஒரு தேர் செய்தோம். விழா நாளன்று அது வகுப்பறைக் கதவைத் தாண்டி வெளியே வரவில்லை. விழா தொடங்க ஒரு மணி நேரமே இருந்தபோது அதை இரண்டாக அறுத்தார்கள். மூன்று வாரம் வண்ணம் தீட்டிய ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சுவரோரமாக நின்று அந்த ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. இந்த முறை முதலிலேயே அனுபவம் உள்ளவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்க விரும்புகிறேன்.

தோணித்துறைத் தச்சர்

அம்மாவுக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஓடாவி வேலை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளைக் கட்டியவர்கள் என் தாத்தாவும் அப்பாவும். தோணி வேலை குறைந்துவிட்ட பிறகு நான் வீட்டுத் தச்சு வேலையும், விழாக் காலங்களில் மேடை வேலையும் செய்து வருகிறேன். ஆகவே உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

முதலில் மூன்று அளவுகளை எடுத்துச் சொல்லுங்கள். கதவின் அகலம் என்ன, உயரம் என்ன, நிலைப்படி தரையிலிருந்து எத்தனை அங்குலம் எழும்பியிருக்கிறது? மூன்றாவது அளவை எவரும் எடுப்பதில்லை. கடைசி நாளில் சக்கரம் முட்டி நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது எடை. 8 அடிக்கு 4 அடி, 12 மி.மீ. பலகை ஒன்று ஏறத்தாழ 20 முதல் 22 கிலோ வரை வரும். 16 அடிக் கப்பலுக்குப் பக்கவாட்டு, மேல்தளம், உள்தாங்கிகள் எல்லாம் சேர்த்து எட்டுப் பலகைகளாவது ஆகும். ஐந்து பிள்ளைகளும் ஏறினால் இன்னொரு 200 கிலோ. நானூறு கிலோவை நெருங்கும் ஒரு பொருளை, பாட்டின் தாளத்துக்கு ஏற்பத் தள்ளி, குறித்த இடத்தில் நிறுத்துவது பள்ளிப் பிள்ளைகளால் ஆகிற காரியம் அல்ல. கோயில் தேரை இழுப்பதற்கு ஆயிரம் கைகள் இருந்தும், அதை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் தேர்ச்சியைத்தானே நம்பியிருக்கிறோம்? பாரம் நகரத் தொடங்குவதைவிட நிற்பதுதான் கடினம்.

அதனால் என் கருத்து இது: நகரும் கப்பலில் ஒருவரும் நிற்கக் கூடாது. நிற்கும் தளம் வேறு, நகரும் கப்பல் வேறு என்று பிரித்துவிடுங்கள். ஒன்றரை அடி உயரமுள்ள உறுதியான தளத்தை மேடையின் பின்பகுதியில் முன்கூட்டியே போட்டு, கறுப்புத் துணியால் மூடி வையுங்கள். கப்பலின் முகப்பு மட்டும் உருண்டு வந்து அதன் முன்னால் நிற்கட்டும். பிள்ளைகள் பின்பக்கமாக ஏறி நின்றால், பார்ப்பவர்களுக்குக் கப்பலில் நிற்பதாகத்தான் தெரியும். வகுப்பறை பெஞ்சுகளை அடுக்கித் தளமாக்க வேண்டாம். ஒருவர் ஓரத்தில் கால் வைத்தாலும் பெஞ்சு எழும்பிவிடும்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர், இரு பிள்ளைகளின் தந்தை

தெர்மகோல் வேண்டாம் என்று மிகுந்த வற்புறுத்தலோடு கேட்டுக்கொள்கிறேன். அது தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். சொட்டும் ஒவ்வொரு துளியும் எரிந்துகொண்டே விழும், கரும்புகை சில நொடிகளில் மேடையை மூடிவிடும். சூடான விளக்குகளும், அவசரத்தில் இணைத்த மின்கம்பிகளும் உள்ள இடத்தில் அப்படி ஒரு பொருளை மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன் பிறகும் பள்ளி விழா மேடைகளில் தெர்மகோல் மலைகளும் அரண்மனைகளும் எழும்புவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

மரச்சட்டத்தின் மேல் பருத்தித் துணியை இழுத்துக் கட்டி வண்ணம் தீட்டுங்கள். அந்தத் துணிக்கு எளிய தீத்தடுப்புக் கரைசல் ஒன்று உண்டு. 10 லிட்டர் வெந்நீரில் 700 கிராம் வெண்காரமும் 300 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, துணி முழுவதும் ஊறும்படி நனைத்து, பிழியாமல் உலரவிட வேண்டும். பெரியவர்கள் கையுறை அணிந்துகொண்டு செய்ய வேண்டிய வேலை இது. பருத்திக்கும் காகிதத்துக்கும் இது நன்றாக வேலை செய்யும், பாலியஸ்டருக்கும் தெர்மகோலுக்கும் பயன்படாது. மழையில் நனைந்தால் மருந்து கரைந்து போய்விடும் என்பதால் திரும்பவும் நனைத்து உலர்த்த வேண்டும். வண்ணம் தீட்டிய பிறகு ஒரு துண்டைத் திறந்தவெளிக்கு எடுத்துச் சென்று, தீக்குச்சிச் சுடரைச் சில நொடி காட்டிப் பாருங்கள். சுடரை எடுத்தவுடன் தானாக அணைய வேண்டும், தொடர்ந்து எரிந்தால் அந்தத் துணி மேடைக்கு ஆகாது.

மேடையின் ஒரே கதவு ஒப்பனை அறைக்குத்தான் செல்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறைக்கு வெளியே செல்லும் வழி வேறு இருக்கிறதா? கப்பல் அந்தக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் உள்ளே பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கூத்துப் பார்வையாளர்

எனக்கு இந்த முயற்சியின் அடிப்படையிலேயே ஓர் ஐயம் இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருக்கூத்தில் இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து கிரீடத்தின் முனை தெரியும், சலங்கை ஒலிக்கும், பாட்டு எழும்பும். திரை விலகும்போது அரசவை முழுவதும் நம் கண்முன் வந்துவிடும். அரசவை என்று ஒரு பலகைகூட அங்கே இருக்காது. தஞ்சைப் பொய்க்கால் குதிரையில் ஆட்டக்காரர் குதிரைக் கூட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுகிறார். அவர் காலில் கட்டியிருக்கும் மரக்கால்களையே நாம் குதிரையின் கால்களாகப் பார்க்கிறோம். பிள்ளைகள் கையிலே நீலத்துணி இருந்தால் அது கடல். ஒரு முனை உயர்ந்து இன்னொரு முனை தாழ்ந்தால் அலை. நம் மக்களுக்கு இந்த மொழி புரியும். 16 அடிப் பலகையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் பார்ப்பவர் மனத்தில் கட்டிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சாது. அதோடு, பதினைந்து பிள்ளைகள் ஆட வேண்டிய மேடையில் பாதியைக் கப்பலே பிடித்துக்கொள்ளும். பொய்க்கால் குதிரையைப் போலக் கப்பல் கூட்டை நான்கு பிள்ளைகள் இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினால் என்ன?

கடலோரத் தமிழாசிரியை

நீங்கள் எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. தெர்மகோலை இன்றே விட்டுவிட்டோம். ஒப்பனை அறைக்குப் பின்பக்கம் விளையாட்டுத் திடலைப் பார்த்தபடி இன்னொரு கதவு உண்டு. அன்று அது முழு நேரமும் திறந்தே இருக்கும், அதற்கென்று ஓர் ஆசிரியர் நிற்பார். மேடைக் கதவு மூன்றரை அடி அகலமும் ஆறரை அடி உயரமும் உடையது. நிலைப்படியின் உயரம் ஒன்றரை அங்குலம். தச்சர் ஐயா கேட்டிராவிட்டால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

கூத்துப் பார்வையாளர் சொல்வது எனக்கும் பிடித்த வழிதான். இருந்தாலும் இந்த நாடகத்தில் கப்பல் பெரியதாக இருக்க வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தபோது அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தமக்கென்று ஒரு கப்பல்கூட இல்லாத நிலையிலிருந்து தொடங்கி, 1907இல் 'கலியா'வையும் 'லாவோ'வையும் தூத்துக்குடித் துறைக்குக் கொண்டுவந்தவரின் கதை இது. முதல் இருபது நிமிடமும் பாட்டில் 'கப்பல் வரும், கப்பல் வரும்' என்று பிள்ளைகள் பாடிக்கொண்டிருப்பார்கள், மேடை வெறுமையாகத்தான் இருக்கும். அவ்வளவு நேரம் காத்திருந்தவர்களுக்கு முன்னால் உண்மையாகவே ஒரு கனத்த பொருள் வந்து நிற்க வேண்டும். துணியைக் காட்டினால், வந்தது கப்பல் அல்ல, கப்பலைப் பற்றிய கனவு என்று ஆகிவிடும். நம் மேடைக்கும் இது அந்நியமானது அல்ல. நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ்.மனோகர் ஆகியோரின் நாடகங்களில் காட்சியமைப்பைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டார்கள்.

தோணித்துறைத் தச்சர்

அம்மா, நீங்கள் அளவு சொன்னவுடன் எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. கப்பல் நீளவாக்கில்தானே நகர்கிறது? கதவும் மேடையின் பக்கச் சுவரில்தானே இருக்கிறது? அப்படியானால் அந்தக் கதவுதான் உங்கள் துறைமுக வாயில். கப்பல் கதவுக்குள்ளிருந்து அணியத்தை, அதாவது முன்முனையை, நீட்டிக்கொண்டு வரட்டும், பின்பாதி அறைக்குள்ளேயே இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 16 அடி கட்ட வேண்டியதே இல்லை. 9 அடிக்கு முன்பாதியைக் கட்டினால் போதும். சுவர் மறைக்கிற மிச்சக் கப்பல் எவ்வளவு நீளம் என்பதைப் பார்ப்பவர்கள் தாமே முடிவு செய்துகொள்வார்கள். கூத்து ஐயா சொன்னதும் இதில் அடங்கிவிடும்.

செய்முறையைச் சொல்கிறேன். அடிச்சட்டம் 9 அடிக்கு 2½ அடி, ஏணி வடிவில், ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயில் பற்றவைத்தது. 16 கேஜ் குழாய் 20 அடிக்கு ஏறத்தாழ 7 கிலோதான் வரும், ஆகவே மூன்று குழாய் போட்டாலும் பாரம் ஏறாது. இதுதான் உங்கள் கப்பலுக்கு ஏரா, அதாவது அடிமரம். இதன்மேல் வங்குகள் எனும் விலாச்சட்டங்களைப் போல இரண்டடிக்கு ஒன்றாக மரத்தாங்கிகளை நிறுத்துங்கள். அணியத்தின் வளைவுக்கு மூங்கில் பிளாச்சுகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து வளைத்துக் கட்டுங்கள். ஊறாத மூங்கிலை வளைத்தால் பிளந்து கையைக் கிழித்துவிடும். அதற்கு மேல் துணி. மொத்த உயரம் தரையிலிருந்து ஐந்தரை அடியைத் தாண்டக் கூடாது, அப்போதுதான் கதவின் மேல்நிலையில் இடிக்காது.

சக்கரங்களைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். எல்லாப் பக்கமும் சுழலும் சக்கரத்தைத்தான் அவர் எடுத்துத் தருவார். அது ஒரு திசையில் போய்விட்டுத் திரும்பும்போது தானும் சுழன்று கப்பலின் மூக்கை ஒரு பக்கம் இழுத்துவிடும். உங்கள் கப்பல் முன்னும் பின்னும் நேர்கோட்டில்தான் போகிறது. ஆகவே நான்கும் திரும்பாத சக்கரங்களாக, 4 அங்குல ரப்பர் சக்கரங்களாக இருக்கட்டும். சிறிய பிளாஸ்டிக் சக்கரம் மேடையில் உள்ள விரிசலில் இறங்கிவிடும். நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீளச் சாய்பலகை போடுங்கள். நின்றவுடன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செருக, கயிறு கட்டிய முட்டுக்கட்டைகள் இரண்டு செய்து, அவற்றை இரண்டு மாணவர்களின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அந்த இருவருக்கும் வேறு வேலை தரவேண்டாம்.

கட்டடப் பொறியியல் விரிவுரையாளர்

தச்சரின் திட்டத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். முன்பக்கம் திறந்த மேடை, கடலோர ஊர், மாலை நேரம். காற்றை மறந்துவிடாதீர்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். நீங்கள் முதலில் நினைத்த 16 அடிக்கு 9 அடி முகப்பு 13 சதுர மீட்டருக்கு மேல் வரும், அதன்மேல் 80 கிலோ தள்ளல் விழும். இப்போதைய 9 அடிக்கு 5½ அடியில் அது 28 கிலோவாகக் குறைகிறது. ஆனாலும் மேற்பகுதியைத் தள்ளினால் சாயத்தான் பார்க்கும். அடிச்சட்டத்தின் பார்வையாளர் பக்க விளிம்பில் 20 கிலோ மணல் மூட்டைகள் மூன்றைக் கட்டி வையுங்கள். கப்பல் அறைக்குத் திரும்பும்வரை அவற்றை அவிழ்க்கவே கூடாது.

வரலாற்று மாணவர்

படம் வரையும் மாணவர்களிடம் ஒன்றை நினைவூட்டுங்கள். 'கலியா' நீராவிக் கப்பல். பல பள்ளி விழாக்களில் வ.உ.சி.யின் கப்பல் என்று மூன்று பாய் விரித்த மரக்கலத்தைக் காட்டிவிடுகிறார்கள். புகைபோக்கி கட்டாயம் வேண்டும். அக்காலத்து நீராவிக் கப்பல்களில் பாய்மரமும் இருந்தது, ஆகவே பாய்மரம் வைப்பதில் தவறில்லை, விரித்த பாய்தான் பொருந்தாது.

போட்டிக் காட்சிக்குப் பெரிய பொருள் எதுவும் தேவையில்லை. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பயணிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது என்ற செய்தி வ.உ.சி.யின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பத்துக் கறுப்புக் குடைகள் ஒரே நேரத்தில் மேடையில் விரிந்தால் போட்டியின் வலிமை அனைவருக்கும் புரியும்.

எனக்குள்ள கவலை வேறு. உங்கள் முழு உழைப்பும் கப்பலுக்கே போகிறது. 1908 மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது ஆண்டு என்று தீர்ப்பு வந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவர் செக்கிழுத்தார். 1911இல் நிறுவனமும் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கூட்டமும் இல்லை. செக்குக் காட்சிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

கடலோரத் தமிழாசிரியை

உண்மையைச் சொன்னால், செக்குக்குப் பணம் ஒதுக்கவே இல்லை. பின்திரையில் வரைந்துவிடலாம் என்றிருந்தோம். உங்கள் பதிவைப் படித்த பிறகு அது போதாது என்று உறுத்துகிறது.

தோணித்துறைத் தச்சர்

கப்பலில் இருக்கிற பாய்மரத்தையே செக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. கதவில் இடிக்காமல் இருக்கக் கப்பல் ஐந்தரை அடியைத் தாண்டக் கூடாது என்பதால், பாய்மரத்தை எப்படியும் கப்பல் வெளியே வந்த பிறகுதான் நடவேண்டும். பந்தல்காரரிடம் பத்தடிச் சவுக்குக் கழி ஒன்று கேளுங்கள். இரண்டரை அங்குலக் கனம் போதும், எட்டு ஒன்பது கிலோதான் இருக்கும். கப்பலுக்குள் அடிச்சட்டத்தோடு பற்றவைத்த மூன்றடி இரும்புக் குழாயை நிறுத்தி வைத்தால், 'ஏலேலோ ஐலசா' பாடிக்கொண்டே நான்கு பேர் தூக்கி அதில் இறக்கிவிடலாம். கழி ஆடாமல் நிற்கும். கைது நடக்கும்போது அதே நான்கு பேர் கழியை உருவிக்கொள்ளட்டும், கப்பல் பின்வாங்கி அறைக்குள் போய்விடட்டும். வெறும் மேடையில் உரல் வடிவில் ஒரு பீப்பாய், அதன் பக்கத்தில் துளையிட்டு இதே கழியைக் கிடையாகச் செருகினால் செக்குமரம் ஆகிவிடும். ஆறடி தள்ளி ஒரு பையன் சுற்றிவந்தால் 12 அடி வட்டம் வேண்டும், உங்கள் 18 அடி ஆழத்தில் தாராளமாக அடங்கும். பிளாஸ்டிக் குழாயை வைத்துவிடாதீர்கள். கழி கனமாக இருந்தால்தான் அவன் தோள் உண்மையாக இறங்கும்.

கூத்துப் பார்வையாளர்

இதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை. பாய்மரமே செக்குமரமாவது கூத்தின் இலக்கணம்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: மாற்றத்தை இருட்டில் செய்யாதீர்கள், எல்லோரும் பார்க்கும்படி, பாட்டு நடக்கும்போதே கழியை உருவுங்கள்.

விழா ஒலி-ஒளி அமைப்பவர்

தொழில் முறையில் சில குறிப்புகள். கப்பலுக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் பின்திரையோடு கலந்து மறைந்துவிடும். சாம்பல் கலந்த நீலம் பூசி, மேல்விளிம்பையும் வட்டச் சன்னல்களையும் வெளிர் நிறத்தில் எடுத்துக்காட்டுங்கள். அறுபது அடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோடு கட்டைவிரல் அகலமாவது இருந்தால்தான் தெரியும். கைக்கருகில் அழகாகத் தெரியும் நுண்ணிய வேலை அங்கே போய்ச் சேராது. பளபளக்கும் எனாமல் வேண்டாம், சுவருக்குப் பூசும் டிஸ்டெம்பர் போதும்.

புகைபோக்கியில் சாம்பிராணியோ வேறு எதையுமோ கொளுத்த வேண்டாம். பாடும் பிள்ளைகளின் தொண்டை கட்டிவிடும். சாம்பல் நிறக் கொசுவலைத் துணியைக் கீற்றுகளாகக் கிழித்து, உள்ளே மின்கலத்தில் ஓடும் சின்ன விசிறியை வைத்தால் புகைபோலவே எழும்பி ஆடும். சக்கர அச்சுகளில் கிரீஸ் தடவிவிடுங்கள். சட்டைக் காலர் ஒலிவாங்கி கிரீச்சென்ற ஒலியைப் பாட்டைவிடத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: முன்வரிசை விருந்தினர்களின் கண் மேடைத் தளத்தின் மட்டத்தில் இருக்கும், அவர்களுக்குச் சக்கரமும் தள்ளுபவர்களின் பாதங்களும் தெரியும். அலைக்கு வைத்திருக்கும் நீலத்துணியை எப்போதும் கப்பலுக்கு முன்னால் பிடியுங்கள். கப்பல் மெதுவாக முன்னே வரும்போது துணி எதிர்த்திசையில் ஓடினால், வேகம் இரண்டு மடங்காகத் தோன்றும்.

கடலோரத் தமிழாசிரியை (விழா முடிந்த பிறகு)

நேற்று முன்தினம் நாடகம் நடந்து முடிந்தது. உங்கள் அனைவருக்கும் எங்கள் பள்ளியின் நன்றி. செலவு 14,600 ரூபாய் ஆயிற்று. இரும்பு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்தோம், மற்ற எல்லாவற்றையும் ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவர்களே செய்தார்கள். துணிக்குப் பெற்றோர்கள் பழைய பருத்தி வேட்டிகளைக் கொடுத்தார்கள். பதினேழு வேட்டிகள் சேர்ந்தன. மருந்தில் நனைத்து உலர்த்தியபோது அவை அட்டைபோல விறைத்துவிட்டன, அதனால் மூங்கிலில் இழுத்துக் கட்டுவதற்கு இன்னும் எளிதாயிற்று. தீக்குச்சிச் சோதனையில் மூன்று துண்டுகளில் ஒன்று தொடர்ந்து எரிந்தது. விசாரித்ததில் அது பாலியஸ்டர் கலந்த வேட்டி என்று தெரிந்தது, அதைப் பிரித்து எடுத்துவிட்டோம்.

ஒரு தவறும் நடந்தது. கப்பல் உள்ளே திரும்பும்போது, நிலைப்படியில் வைத்திருந்த சாய்பலகை அறைப் பக்கமாக நழுவிவிட்டது. முன்சக்கரம் படியில் முட்டி, கப்பல் பாதி உள்ளே பாதி வெளியே நின்றது. நான் திரைக்குப் பக்கத்தில் உறைந்துபோய் நின்றேன். முட்டுக்கட்டைப் பொறுப்பில் இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன், யாரும் சொல்லாமலே இரண்டு கட்டைகளையும் படிக்கு முன்னால் கிடத்தி, அவற்றின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டான். பாடகர் குழு அதே சரணத்தை இன்னொரு முறை பாடியது. பார்த்தவர்கள், கப்பல் போக மனமில்லாமல் தயங்கி நின்றதாக நினைத்தார்களாம். இதைச் செய்ய விரும்புகிறவர்கள் சாய்பலகையைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள், எங்களைப் போல எடையை நம்பி வெறுமனே வைக்காதீர்கள்.

கழியை உருவும் காட்சியைக் கூத்துப் பார்வையாளர் சொன்னபடி வெளிச்சத்திலேயே செய்தோம். நான்கு பேர் அதைக் குழாயிலிருந்து தூக்கியபோது அரங்கில் பேச்சு இருந்தது. கிடையாகத் திருப்பிப் பீப்பாயில் செருகியபோது பேச்சு நின்றுவிட்டது. சிதம்பரனாராக நடித்த மாணவன் மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்று வைத்திருந்தோம். பாட்டு முடிந்த பிறகும் அவன் நான்காவது சுற்றைத் தொடங்கிவிட்டான். மிருதங்கம் வாசித்த பையன் அவன் காலடிக்கு ஏற்ப ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டே வந்தான். அந்தச் சுற்றில் கேட்டது அந்தத் தட்டும், துளையில் கழி உராயும் ஒலியும் மட்டுமே.

சிறியவர்களுக்கு ஏற்றவாறு அளவைக் குறைக்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் அனுபவத்தில் அடிச்சட்டத்தின் அகலத்தை மட்டும் இரண்டரை அடிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், காற்று வீசியபோது அந்த அகலமும் மணல் மூட்டைகளும்தான் கப்பலைப் பிடித்து நிறுத்தின. நீளத்தை ஏழடியாக்கலாம், கழியை எட்டடியாக்கலாம். எங்கள் அடிச்சட்டத்தையும் நான்கு சக்கரங்களையும் கழற்றி எண்ணெய் தடவி நூலகத்தின் பின்னறையில் வைத்திருக்கிறோம். அருகில் உள்ள பள்ளி எதற்காவது தேவைப்பட்டால் வாங்கிச் செல்லலாம். சவுக்குக் கழியைப் பந்தல்காரர் நேற்றே வந்து எடுத்துச் சென்றுவிட்டார்.